காலி மனை அல்ல, பூங்கா!

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலனியில் சூப்பர் மார்க்கெட் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ரொம்பவும் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

பின்னே என்ன? 2006-ல் நாங்கள் இங்கே வீடு கட்டிக் குடிவந்தோம். கடைத்தெரு இரண்டரை கிலோமீட்டர் தள்ளி. தெருமுனையில் அண்ணாச்சி கடை ஒன்று உண்டு. உப்பு, புளி, பருப்புக்குக் குறையில்லை. ஆனால் ஒரு குக்கர் கேஸ்கட் வேண்டுமென்றாலும், பெண்ணுக்குப் பள்ளிக்கூட சாக்ஸ் வேண்டுமென்றாலும் வெயிலில் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். திரும்பும்போது இரண்டு கையிலும் பை, தோளில் ஒரு பை. இந்த வயதில் முதுகு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஆகவே 2022 பிப்ரவரியில் ஒரு நாள் பால் வாங்கப் போன இடத்தில், "நம்ம காலனிக்கு பெரிய கடை வருதாம். எல்லாம் ஒரே இடத்துல கிடைக்குமாம்" என்று கேட்டதும், வீட்டுக்கு வந்து முதல் வேலையாக இவரிடம் சொன்னேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எங்கே வருதாம்?" என்று கேட்டார்.

அதை நான் கேட்கவே இல்லை!

மறுநாள் தெரிந்துவிட்டது. எங்கள் இரண்டாவது தெருவும் மூன்றாவது தெருவும் சேரும் இடத்தில் இருபது சென்ட் போல ஒரு திடல் இருக்கிறது. மூன்று வேப்பமரம், ஒரு புங்கமரம், ஓரமாக ஒரு நாவல். அங்கேதான்.

எல்லோரும் அதைக் 'காலி மனை' என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "காலி மனை பக்கம் போகாதே, பாம்பு இருக்கும்" என்று பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். ஒரு பாதியில் சீமைக் கருவேல முள் மண்டிக் கிடந்தது. இன்னொரு பாதியில்... சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நாங்களே கொட்டிய குப்பை. தேங்காய் மட்டை, பழைய தலையணை, பொங்கலுக்கு வீடு ஒழித்த சாமான் எல்லாம் அங்கேதான் போகும். நானும் கொட்டியிருக்கிறேன்.

ஆனால் அதே இடத்தில்தான் என் பையன் சைக்கிள் பழகினான். என் மாமனார் 2018-ல் காலமாவதற்கு முன் கடைசி ஒரு வருஷம் தினமும் சாயங்காலம் அந்த வேப்பமரத்தடியில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். 2020-ல் கொரோனாவால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோமே, அதன் பிறகு மெதுவாக வெளியே வர ஆரம்பித்தபோது நாலு பேர் எட்ட எட்ட உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசியதும் அங்கேதான். இதெல்லாம் அந்த வாரம்தான் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. கையை விட்டுப் போகும்போதுதானே ஒரு பொருளின் அருமை தெரிகிறது!

ஒரு வியாழக்கிழமை டேப்போடு அளக்க ஆள் வந்தார்கள். வாசலில் நின்றிருந்த என் மாமியார், "ஏம்ப்பா, மரத்தை எல்லாம் வெட்டிடுவீங்களா?" என்று கேட்டார். அளக்க வந்த பையன், "இது காலி மனைதானே பாட்டி? குப்பைமேடா கிடக்கு. கடை வந்தா சுத்தமாயிடும்" என்றான்.

அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் பார்த்ததைத்தான் சொன்னான். அங்கே குப்பை கொட்டியவள் நான் அல்லவா?

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான். அன்று மாலை எங்களை எல்லாம் கூப்பிட்டு, "வீட்டுப் பத்திரத்தோட ஒரு வரைபடம் கொடுத்திருப்பாங்களே, அதை எடுத்துட்டு வாங்க" என்றார். பீரோவின் அடித்தட்டில், கல்யாணப் பட்டுப்புடவைக்குக் கீழே இருந்தது. பதினாறு வருஷமாகப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. டீச்சர் வீட்டுக் கூடத்தில் விரித்தோம். எங்கள் மனை, பக்கத்து மனை, தெருக்கள்... தெருக்கள் சேரும் இடத்தில் ஒரு கட்டம். உள்ளே பொடி எழுத்தில் 'பூங்கா' என்று எழுதியிருந்தது!

காலி மனையே கிடையாது. ஆரம்பத்திலிருந்தே அது பூங்கா. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

டீச்சர் விளக்கினார். நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கிறவர்கள் இடம் முழுவதையும் விற்றுவிட முடியாதாம். பெரிய மனைப்பிரிவாக இருந்தால், தெருக்களுக்குப் போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும். 2019-ல் தமிழ்நாட்டில் வந்த கட்டட விதிகளிலும் இது இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், அதற்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்கவும் வழியில்லை. அந்த இடத்தை ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

"நீங்க மனை வாங்கினப்போ கொடுத்த விலையில இந்தப் பூங்காவோட விலையும் அடக்கம். இது யாரும் நமக்குப் போட்ட பிச்சையில்ல" என்றார் டீச்சர்.

எங்கள் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், தானப் பத்திரம் பதிவாகவே இல்லை. மனை போட்டவர் காலமாகிவிட்டார். பட்டா அவர் பெயரிலேயே இருந்தது. அவருடைய வாரிசுகள் அந்த இடத்தைக் கடைக்காரர்களுக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

"அப்போ சட்டப்படி அவங்க இடம்தானே?" என்று ஒருவர் கேட்டார். டீச்சர் ஒரு வழக்கைச் சொன்னார். பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தை, ஆஸ்பத்திரி கட்ட ஒரு தனியார் டிரஸ்டுக்கு ஒதுக்கிவிட்டார்களாம். அங்கே குடியிருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1991-ல் தீர்ப்பு வந்தது. பூங்காவுக்கு விட்ட இடத்தை அப்படித் தூக்கிக் கொடுக்க முடியாது, அதைத் தட்டிக் கேட்க அங்கே குடியிருக்கிறவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்கே முடியாதுன்னு சொல்லிட்டாங்க. கடைக்கு எப்படி முடியும்?" என்றார் டீச்சர்.

சட்டம் இருக்கிறது, சரி. அதை யார் போய்ச் சொல்வது? "நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் இவர். அண்ணாச்சி கடை வாசலில் கூடிய ஆண்கள் எல்லோருமே ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். அண்ணாச்சி வாயே திறக்கவில்லை. பெரிய கடை வந்தால் முதலில் அடிபடுவது அவர்தான். ஆனாலும், "நான் பேசினா என் வியாபாரத்துக்காகப் பேசறேன்னு சொல்வாங்க தாயி" என்று ஒதுங்கிக்கொண்டார்.

கடைசியில் பெண்கள் ஏழு பேர் சேர்ந்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. நான் அதைப் பற்றிப் பேப்பரில் படித்ததோடு சரி. அதற்கென்று பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. பத்தாவது பரீட்சைக்குப் பிறகு நான் ஒரு முழுப் பக்கம் எழுதியது அன்றுதான். "இந்த மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்கிய வரைபடத்தின் நகல் தேவை. பூங்கா இடத்தில் கட்டடம் கட்ட அனுமதி தரப்பட்டுள்ளதா?" இரண்டே கேள்விதான். மூன்று தாள் கிழித்து நாலாவது தாளில் சரியாக வந்தது.

பிறகு காலனியில் கையெழுத்து வாங்கக் கிளம்பினோம். அங்கேதான் எனக்கு ஒரு அடி விழுந்தது.

பின்தெருவில் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கொரோனாவில் கணவரை இழந்தவள். இரண்டு சின்னப் பிள்ளைகள். தையல் தைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறாள். கறிவேப்பிலை, தோசை மாவு என்று தினமும் என் வீட்டுக்கு வந்து போவாள். தாளை நீட்டியதும், படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, அந்தக் கடையில பில் போடுற வேலை தர்றதா சொல்லியிருக்காங்க. உங்களுக்குக் காத்து வேணும். எனக்குச் சோறு வேணும். என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

நான் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்? வீட்டுக்கு வந்து அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. மரம் வேண்டும் என்று நான் சொல்வதில் என் வசதியும் இருக்கிறதோ? இவருக்கு மாதச் சம்பளம் வருகிறது, அதனால் நான் நிழலைப் பற்றிப் பேசுகிறேனோ?

காலையில் டீச்சரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சென்னையின் பழைய கதை ஒன்றைச் சொன்னார். 1859-ல் கவர்னராக இருந்த டிரெவெல்யன் முயற்சியில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 'பீப்பிள்ஸ் பார்க்' என்று ஒரு பெரிய பூங்கா அமைத்தார்களாம். நூறு ஏக்கருக்கும் மேலே! குளம், பாதை, மிருகக்காட்சி சாலை எல்லாம் இருந்ததாம். பிறகு அதில் ஒரு மூலையில் விக்டோரியா ஹால் வந்தது. 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் ரிப்பன் கட்டடம். பிறகு ஸ்டேடியம். எல்லாமே வேண்டியவைதான். ஒன்றையாவது வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஆனால் கடைசியில் பூங்கா என்று சொல்ல 'மை லேடீஸ்' பூங்கா ஒரு துண்டுதான் மிச்சம். மூர் மார்க்கெட்டும் 1985-ல் தீயில் போய்விட்டது. மார்க்கெட்டும் இல்லை, இழந்த பூங்காவும் திரும்ப வரவில்லை.

"ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரணம் இருக்கும்மா. கடையை நூறு இடத்துல கட்டலாம். பூங்காவுக்கு இந்த ஒரு இடம்தான் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு வேலை வேணும்னா அதுக்கும் நாமதான் மெனக்கெடணும். இதை விட்டுக்கொடுத்து அதைச் செய்யணும்னு இல்ல" என்றார்.

எனக்குத் தெளிவு வந்தது. பாரம் முழுவதும் இறங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஏழு பேரும் என் மாமியாரும் வெள்ளைப் போர்டு பஸ்ஸில் காசு கொடுக்காமல் போய் (அதுதான் பெண்களுக்கு இலவசமாயிற்றே!) மனு கொடுத்தோம். வரிசையில் இரண்டு மணி நேரம். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு என்பதால் டப்பாவில் இரண்டு இட்லி எடுத்துப் போயிருந்தேன். மனுவை வாங்கிய அதிகாரி, "கடை வந்தால் உங்களுக்குத்தானேம்மா வசதி?" என்று கேட்டார். மாமியார்தான் பதில் சொன்னார்: "கடைக்கு நான் மாசத்துக்கு ரெண்டு தடவை போவேன் தம்பி. மரத்தடிக்கு தினம் போவேன்."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் யோசித்தேன். 'தினம் போவேன்' என்று அத்தை சொன்னது அவர் வரைக்கும் சரி. மற்றவர்கள்? நாம் போகாத இடத்தைக் காலி இடம் என்றுதானே நாலு பேர் நினைப்பார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இறங்கிவிட்டோம். அரிவாள், மண்வெட்டி, சாக்கு. முள்ளை ஆள் வைத்து வேரோடு எடுத்தோம். குப்பையை மூன்று வண்டி ஏற்றினோம். அதில் என் வீட்டுப் பழைய தலையணையை என் கையாலேயே எடுத்துப் போட்டேன். மூன்றாவது வாரம் 'வம்பு எதற்கு' என்ற இவரே கடப்பாரையோடு வந்து நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திரும்பிப் போய்விடுவாரே!

ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த இடம் பூங்காதான். கட்டடத்துக்கு அனுமதி எதுவும் தரவில்லை. அந்தக் காகிதத்தோடு மறுபடி போய் நின்றோம். வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். கடைக்காரர்களும் வில்லங்கம் உள்ள இடம் நமக்கெதற்கு என்று விலகிக்கொண்டார்கள். மெயின் ரோட்டில் மூடிக் கிடந்த ஒரு பழைய ரைஸ் மில்லை எடுத்து, அந்த வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் அங்கே கடை திறந்தார்கள். எங்கள் காலனியிலிருந்து பத்து நிமிஷ நடை.

அந்தப் பின்தெருப் பெண்ணுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. டீச்சரும் நானும் மேனேஜரைப் பார்த்துப் பேசினோம். மனு கொடுத்தது நாங்கள்தான் என்று அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்கொண்டார். ஆனால் நடுவில் ஏழெட்டு மாதம் போய்விட்டது. அதற்குள் அவள் கழுத்தில் இருந்த மெல்லிய செயின் அடகுக் கடைக்குப் போய்விட்டது. எனக்குப் பிறகுதான் தெரியும். இப்போதும் பார்த்தால், "நல்லாருக்கீங்களாக்கா?" என்று கேட்கிறாள். பில் போடும்போது பையைக்கூட அவளே கட்டித் தருகிறாள். ஆனால் கறிவேப்பிலைக்கு என் வீட்டுக்கு வருவதில்லை. அது எனக்கு உறுத்தல்தான். நல்ல காரியம் செய்தாலும் அதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை அவளிடம்தான் கற்றேன்.

பூங்கா எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு சிமெண்ட் பெஞ்ச், ஒரு ஊஞ்சல், மண்பாதை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு இடம் பிடிக்க வேண்டும்! வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடந்தால் உடம்புக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. கணக்கு சரியாக வருகிறது. நான் நடக்க ஆரம்பித்த பிறகு முதுகு வலிக்குத் தைலம் தேடுவது குறைந்திருக்கிறது. என் பெண்ணுக்கு ஆன்லைன் வகுப்பு முடிந்த கையோடு 2021-ல் கண்ணாடி போட வேண்டி வந்தது. குழந்தைகள் தினமும் வெளி வெளிச்சத்தில் விளையாடினால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறையும் என்று கண் டாக்டர் அப்போது சொன்னார். அவளுக்குத்தான் காலம் கடந்துவிட்டது. மற்றக் குழந்தைகளையாவது விரட்டி விளையாட அனுப்புகிறோம்.

இன்னொன்று. 2021 நவம்பரில் மழை கொட்டித் தீர்த்ததே, அப்போது அடுத்த காலனியில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் தெருத் தண்ணீர் முழுவதும் ஓடி இறங்கியது இந்த மண்ணில்தான். மேலே சிமெண்ட் பூசியிருந்தால் அது எங்கே போயிருக்கும்? எங்கள் வாசற்படிக்குத்தானே!

வேலை இன்னும் முடியவில்லை. தானப் பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. அதற்காக நடந்துகொண்டே இருக்கிறோம். அது பதிவாகும் வரை நிம்மதி இல்லை. டீச்சருக்கு முழங்கால் வலி வந்துவிட்டதால் இப்போது ஃபைல் என் பீரோவில் இருக்கிறது. பட்டுப்புடவைக்கு மேலே.

நான் அந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறேனா? போகிறேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்? குக்கர் கேஸ்கட் அங்கேதான் வாங்கினேன். பருப்பு, புளி மட்டும் அண்ணாச்சியிடம்தான்.

சகோதரிகளே, உங்களிடம் மூன்று விஷயம் சொல்கிறேன். இன்று மதியம் வேலை முடிந்ததும் உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கும் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பூங்கா என்றோ, திறந்தவெளி என்றோ, விளையாட்டு இடம் என்றோ எழுதியிருக்கிறதா? அப்படி இருந்தால், அந்த இடத்துக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மூன்றாவது, சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை அங்கே போய் வாருங்கள். கையில் குப்பைக் கூடை மட்டும் வேண்டாம்!

போன வாரம் புதிதாகக் குடிவந்த ஒரு இளம் தாய், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வழி கேட்டாள்: "அக்கா, இங்கே பார்க் எங்கே இருக்கு?"

காலி மனை எங்கே என்று கேட்கவில்லை. எனக்கு அது போதும்.